எட்டு மாதம் சோப்புக் கேட்காதவர்

அந்தத் துறவற இல்லத்தில் திங்கட்கிழமைதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால்மணி நேரம் உண்டு. அதற்குக் கேட்கும் நேரம் என்று பெயர். சாமான் அறைக்குப் பொறுப்பான பிரதர் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவார். யாருக்கு என்ன தேவையோ அவர்கள் வரிசையில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி வாய்விட்டுக் கேட்க வேண்டும். சோப்பு வேணும், பிளேடு தீர்ந்துபோச்சு, செருப்பு வார் அறுந்துபோச்சு, இப்படி. தானாக அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்கிற பேச்சே கிடையாது. அங்கே துறவுப் பயிற்சியில் இருந்த பதினோரு நவதுறவிகளில் ஒருவர் முப்பது பேரை வேலை வாங்கிய அதிகாரி, ஒருவர் நீச்சல் பயிற்சியாளர். அவ்வளவு பெரிய ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்று பற்பசை கேட்பதைப் பார்த்தால் முதல் தடவை யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவரான நம்ம லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் இப்படி ஒரு ஏற்பாடு என்ற கேள்விதான் வந்தது. எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் வருவது அதுதான். அந்தக் கேள்வியால்தான் அவர் அந்த வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தார்.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. பதினாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடி மோட்டார் அறைகளிலும், தரைக்குக் கீழே எண்ணெய் நாற்றம் அடிக்கிற குழிகளிலுமாக வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் முதியோர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுபோயிருந்தது. அவர் கதவைக் கழற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பழுப்பு அங்கி போட்ட ஒரு மனிதர் யாரோ ஒரு பெரியவரின் மூத்திரச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, சீட்டி அடித்தபடி படியில் இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. வேலை முடிந்து ரசீதில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போனால், மேசைக்குப் பின்னால் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் இல்லத் தலைவராம்.

லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. நீங்க எதுக்கு அந்த வேலையெல்லாம் பார்க்கறீங்க என்று நேராகவே கேட்டுவிட்டார். இன்னிக்கு என் முறை என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்தைப் போட்டு நீட்டினார். அவ்வளவுதான் பதில். இதற்கு மேல் விளக்கமாகச் சொல்லியிருந்தால் லிஃப்ட்காரர் அன்றோடு மறந்திருப்பார். சொல்லாமல் விட்டதால் மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டைப் பரிசோதிக்க அதற்குப் பிறகு மூன்று தடவை போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். அவரைவிடப் பத்து வயது இளைய தம்பி ஒருத்தன். அவனைப் படிக்க வைத்து, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று வைத்துக்கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தார். தம்பி வேறு ஊரில் குடித்தனம். மாதம் ஒரு தடவை அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கதவு கிரீச்சிட்டால் எண்ணெய் போடுவார், விளக்கு எரியவில்லை என்றால் எரிய வைப்பார், அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார்.

நான் துறவியாகப் போறேன் என்று அந்தத் தம்பியிடம் சொன்ன நாளை லிஃப்ட்காரரால் மறக்க முடியவில்லை. பிரான்சிஸ்கன் சபை என்றால் என்ன, அவர்கள் சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை, தேவைப்பட்டால் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள் என்றெல்லாம் ஆசை ஆசையாக விளக்கினார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் தம்பியின் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்றான்.

"போ. ஆனா என் வீட்டு வாசல்ல மட்டும் வந்து நிக்காத."

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. லிஃப்ட்காரர் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. என்ன குறை வைத்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்று அவர் யோசித்து யோசித்துப் பார்த்தார். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய தொழில். ஆனால் இந்தப் பழுது மட்டும் பிடிபடவே இல்லை.

சரி, இல்லத்துக்கு வருவோம். முதல் வருஷம் சாதாரண உடையில் கூட இருந்து பழக வேண்டும். இரண்டாவது வருஷம்தான் நவதுறவு. அப்போதுதான் அங்கி கொடுப்பார்கள். பழுப்பு அங்கி, இடுப்பில் ஒரு வெள்ளைக் கயிறு. கயிற்றின் நுனியில் மூன்று முடிச்சு. ஏழ்மைக்கு ஒன்று, கீழ்ப்படிதலுக்கு ஒன்று, கற்புக்கு ஒன்று. வருஷ முடிவில் சபை ஒப்புக்கொண்டால் முதல் வார்த்தைப்பாடு. அதாவது இந்த மூன்றையும் காப்பேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துச் சபையில் ஒருவராவது. ஒப்புக்கொள்ளாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அங்கி போடுவதைப் பெரிய ஆன்மிகச் சமாசாரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு முதல் வாரம் நல்ல பாடம். கயிற்று நுனி சூப்பில் விழும். தரை துடைக்கிற வாளியில் விழும். மாடிப்படி ஏறும்போது முன் விளிம்பைத் தூக்கிப் பிடிக்காவிட்டால் அதையே மிதித்துக் குப்புற விழ வேண்டும். லிஃப்ட்காரர் இரண்டு நாளில் மூன்று தடவை விழுந்தார். துவைத்த அங்கியைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். கூட இருந்த ஒரு நவதுறவியின் கயிறு பேருந்துக் கதவில் மாட்டிக்கொண்டு, முடிச்சு மூன்றும் வெளியே ஆடிக்கொண்டே நான்கு நிறுத்தம் பயணம் போயிற்று. உள்ளே இருந்தவர் அவ்வளவு நேரமும் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லையாம். முன்பு தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தவர், வயது இருபத்தாறு. வாய் மூடாது. இல்லத்தில் எல்லாரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள்.

காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். ஐந்தரைக்குக் கோவிலில் திருப்பாடல்கள், பிறகு அரைமணி நேரம் சத்தமில்லாத தியானம், திருப்பலி என்கிற பூசை. காலைச் சாப்பாடு முடிந்தால் வகுப்பு, வகுப்பு முடிந்தால் வேலை. வேலைப் பட்டியலை நவதுறவிகளுக்குப் பொறுப்பான மாஸ்டர் எழுதிச் சுவரில் ஒட்டுவார். இந்த மாஸ்டர் லிஃப்ட்காரரைவிட இரண்டு வயது சின்னவர், பூனை மாதிரி நடப்பார், அதிகம் பேச மாட்டார். தெரிந்த வேலையை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒரு முறை. சமையல் தெரிந்தவருக்குக் கழிவறை, தோட்டக்காரருக்கு நூலகம், லிஃப்ட்காரருக்குச் சமையல். அவர் வைத்த முதல் சூப்பை வீட்டில் இருந்த எல்லாரும் ஏழ்மை வார்த்தைப்பாட்டின் பேரில் குடித்து முடித்தார்கள்.

ஆனாலும் பழக்கதோஷம் எங்கே போகும்? ஓய்வு நேரத்தில் லிஃப்ட்காரரின் கை சும்மா இருக்காது. சலவை இயந்திரத்தைச் சரி பண்ணினார். கோவில் கதவின் கீலை மாற்றினார். நோய்வாய்ப்பட்ட வயதான பிரதரின் சக்கர நாற்காலியைப் பிரித்து மாட்டி, புதுசு மாதிரி உருள வைத்தார். நீங்க மட்டும் இல்லேன்னா இந்த வீடு என்ன ஆகும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவருக்கும் அதைக் கேட்கப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அப்படிப்பட்டவர் கேட்கும் நேரத்தில் மட்டும் வரிசையில் நின்றதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. குளியலறையில் மற்றவர்கள் தேய்த்துத் தேய்த்துக் காகிதம்போல் ஆக்கிவிட்டுப் போகிற சோப்புத் துண்டுகளைச் சேர்த்து, ஈரத்தோடு அழுத்திப் பிடித்து ஒரு உருண்டை செய்து வைத்திருந்தார். அதில் பச்சை, வெள்ளை, ரோஸ் எல்லா நிறமும் இருக்கும். அறுந்த செருப்பைக் கம்பியால் தைத்துப் போட்டுக்கொண்டார். ஒரே பிளேடால் வாரக்கணக்கில் சவரம் செய்து தாடையெல்லாம் கீறல். இதுதான் அசல் ஏழ்மை என்று அவர் மனதார நம்பினார். சோப்புக்காக வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து, பாவம், இன்னும் பக்குவம் வரவில்லை என்றுகூட நினைத்துக்கொள்வார்.

எட்டாவது மாதத்தில் ஒருநாள் மாஸ்டர் அவரைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். தக்காளிப் பாத்தி ஓரமாக இரண்டு பேரும் நடந்தார்கள். இத்தனை மாதத்தில் நீங்க ஒரு சோப்புகூடக் கேட்கலையாமே என்று மாஸ்டர் ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டு வருகிறது என்றுதான் நினைத்தார். இருக்கிறதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன், ஏழ்மைக்குத்தானே வந்தோம் என்றார்.

"பிரதர், யார்கிட்டயும் எதுவும் கேக்கத் தேவையில்லாத ஆளைத்தான் ஊர்ல பணக்காரன்னு சொல்றாங்க" என்றார் மாஸ்டர். "நீங்க இந்த வீட்ல எல்லாருக்கும் குடுக்கறீங்க. ஒருத்தர்கிட்டயும் வாங்க மாட்டேங்கறீங்க. வாங்கத் தெரியாம நம்ம சபையில எப்படி இருப்பீங்க?"

லிஃப்ட்காரருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். வருஷ முடிவுக்கு முன்னால் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் சபைக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். இன்றைக்கு எழுதச் சொன்னால் லிஃப்ட்காரருக்கு வார்த்தைப்பாடு வேண்டாம் என்றுதான் எழுதுவார். மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அன்றைக்குக் களை எடுக்கப் போனவர் நாலு தக்காளிச் செடியையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டார். வெளியே போனால் பிழைக்க வழியில்லை என்பதல்ல. மெக்கானிக்குக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. ஆனால் போகப் பிடிக்கவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே சந்தோஷமாக இருப்பது என்றால் என்ன என்று அவர் தெரிந்துகொண்டது அந்த வீட்டில்தான். அதை விட்டுவிட்டுப் போ என்றால் எப்படி? கோபமும் வந்தது. கூடவே அவருடைய பழைய வியாதியும் வந்தது. கேட்பதில் அப்படி என்னதான் இருக்கிறது? சோப்பு வேண்டும் என்ற இரண்டு வார்த்தை ஏன் தன் வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது?

அடுத்த திங்கட்கிழமை வரிசையில் போய் நின்று பார்த்தார். முன்னால் இரண்டு பேர் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தன் முறை வந்ததும், உங்க நாற்காலி ஆடுதே பிரதர், ஒரு திருகு போட்டுத் தரட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஒன்பதாவது மாதம் நடைப்பயணம். இது அந்த வீட்டில் வருஷாவருஷம் நடப்பது. நவதுறவிகளை இரண்டிரண்டு பேராக ஐந்து நாளைக்கு வெளியே அனுப்புவார்கள். கையில் காசு கிடையாது, கைபேசி கிடையாது. அங்கியும் கிடையாது, ஏனென்றால் அங்கியைப் பார்த்துவிட்டு ஜனங்கள் மரியாதைக்காகக் கொடுத்துவிடுவார்கள். போகிற இடத்தில் முதலில் வேலை கேட்க வேண்டும். கூலியாகச் சாப்பாடோ படுக்க இடமோ மட்டும் வாங்கலாம். வேலை கிடைக்காவிட்டால் வீட்டு வாசலில் நின்று சாப்பாடு கேட்கலாம். புனித பிரான்சிஸ் காலத்திலிருந்தே இப்படித்தானாம். ஆபத்து என்றால் காட்டுவதற்கு ஒரு கடிதம் மட்டும் சட்டைப் பைக்குள் இருக்கும்.

லிஃப்ட்காரரும் ரேடியோவும் ஒரு ஜோடி. கிளம்பும்போது மாஸ்டர் லிஃப்ட்காரரிடம் மட்டும் தனியாக ஒரு விதி சேர்த்தார்: அவர் வேலை கேட்கக் கூடாது, எதையும் ரிப்பேர் செய்யவும் கூடாது. நேராகக் கேட்க மட்டும்தான் வேண்டும்.

முதல் நாள் ரேடியோ இருக்கும்போது என்ன கவலை? ஒரு பேக்கரிக்குள் நுழைந்து, பத்து நிமிஷம் பேசி, தட்டுகள் கழுவும் வேலையை வாங்கிவிட்டார். லிஃப்ட்காரர் வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சலவைக் கடையின் இரும்பு ஷட்டர் ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் அலறியது. எந்தப் பக்கத்துச் சட்டத்தில் கோளாறு என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ரேடியோ கொண்டுவந்த ரொட்டியில் சின்னப் பாதியை எடுத்துக்கொண்டார். அதையும் கடன் வாங்கியவர் மாதிரிதான் மென்றார்.

இரண்டாம் நாள் ரேடியோ கறாராகச் சொல்லிவிட்டார், இன்றைக்குக் கேட்பது உங்க பொறுப்பு என்று. லிஃப்ட்காரர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு அம்மா வந்தார். லிஃப்ட்காரரின் வாய் திறந்தது. "தபால் ஆபீசுக்கு எப்படிப் போகணும்?" என்றது. அந்த அம்மா நல்லவர். வெளிக்கதவு வரை வந்து, கையை நீட்டிக் காட்டி, இரண்டாவது திருப்பம், மருந்துக் கடை என்று விளக்கமாகச் சொன்னார். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வீட்டிலும்.

இந்த ஊர்ல தபால் ஆபீசுக்கு நம்மளவிட நல்லா வழி தெரிஞ்சவங்க யாரும் இல்ல பிரதர் என்றார் ரேடியோ. மத்தியானத்துக்கு அவரே போய் ஒரு காய்கறிக் கடையில் மூட்டை தூக்கிக் கொஞ்சம் பழமும் ரொட்டியும் வாங்கி வந்தார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஒரு பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்தில் ஒதுங்கிப் படுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ரேடியோ எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தொண்டை சுத்தமாக அடைத்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறை என்று சைகையிலேயே சொன்னார். கண்ணில் காய்ச்சல் பளபளத்தது. நேற்று மத்தியானம் சாப்பிட்டது. இனி கேட்பதென்றால் லிஃப்ட்காரர்தான் கேட்க வேண்டும். தான் பட்டினி கிடப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. காய்ச்சல்காரனைப் பட்டினி போட அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஊர் எல்லையில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஒரு சந்தைப்பேட்டை. வலது பக்கம் நான்கு கிலோமீட்டரில் தம்பி இருக்கும் ஊர். புறப்படும்போதே வரைபடத்தில் அதை அவர் பார்த்திருந்தார், பார்க்காத மாதிரி மடித்து வைத்திருந்தார். இப்போது வழிகாட்டிப் பலகைக்குக் கீழே நின்றார். சந்தைக்குப் போனால் தெரியாத முகங்கள். தபால் ஆபீசைக் கேட்டுவிட்டு வரலாம். தம்பியிடம் அந்த வித்தை பலிக்காது. அவன் திட்டுவானா, கதவைச் சாத்துவானா, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னான்? பயம் ஒரு பக்கம் பின்னால் இழுத்தது. தெரிந்துகொள்ளாமல் விடுவதா என்கிற அரிப்பு முன்னால் தள்ளியது. அரிப்புதான் ஜெயித்தது. நடந்துகொண்டே ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுபேச்சு பேச முடியாத ரேடியோ அன்றைக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒருத்தர் கதையை முழுசாகக் கேட்டார்.

தம்பி வீடு ஒரே மாதிரியான வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில் கடைசிக்கு முந்தையது. லிஃப்ட்காரர் அழைப்பு மணியை அழுத்தினார். தம்பியின் மனைவி சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒருசாண் திறந்து பார்த்தாள். மூன்று நாள் தாடி, சேறு படிந்த கால்சட்டை, பக்கத்தில் நடுங்கிக்கொண்டு ஒரு ஆள். யாரென்று அவளுக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது.

"மாமா? நீங்களா?"

இப்போது சொல்ல வேண்டும். தபால் ஆபீஸ் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"பசிக்குதும்மா. நேத்து மத்தியானத்துலேருந்து ரெண்டு பேரும் எதுவும் சாப்பிடல. சாப்பிட ஏதாவது இருந்தா குடும்மா."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கிலியைக் கழற்றி இரண்டு பேரையும் உள்ளே உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போன் பேசுகிற சத்தம் கேட்டது. உங்க அண்ணன் வந்திருக்காரு என்றாள். அந்தப் பக்கம் என்னவோ சொல்லியிருக்க வேண்டும். "இல்லங்க, ஒண்ணும் சரி பண்ண வரல. சாப்பாடு கேக்கறாரு" என்றாள். அவள் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

மேசையில் சூப், ரொட்டி, அவித்த முட்டை, வேகவைத்த பீன்ஸ் எல்லாம் வந்தன. ரேடியோ சூடான சூப்பைத் தொண்டைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் சொட்டுச் சொட்டாக இறக்கினார். லிஃப்ட்காரர் முதல் துண்டு ரொட்டியை வாயில் வைத்தபோதுதான் சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் காதில் விழுந்தது. டக். டக். டக். குழாய் ஒழுகுகிறது. கீழே ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் ஸ்பேனர் ஒன்று கிடந்தது. தம்பி ஏதோ முயற்சி செய்துவிட்டுக் கைவிட்டிருக்கிறான். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை. அவருடைய வலது கை தானாக மேசையை விட்டு நகர்ந்தது.

கையைத் திரும்பக் கொண்டுவந்து ரொட்டியை எடுக்க வைத்தார். அதற்கு அவர் பட்ட பாடு இருக்கிறதே, நூறு கிலோ மோட்டாரைத் தோளில் தூக்கியபோதுகூட அப்படி வியர்த்ததில்லை. வாசலில் வந்து கேட்டதுகூடச் சுலபமாகத் தோன்றியது. ஒரு வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த வீட்டுக் குழாய் ஒழுகுவதைக் கேட்டுக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கமே இல்லை. அம்மணமாக உட்கார்ந்திருப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

தம்பி வந்தான். கடையிலிருந்து ஓடியே வந்திருப்பான் போல; கண்ணாடி துடைக்கிற துணி இன்னும் கையில் இருந்தது. நிலைப்படியில் நின்று அண்ணனின் தட்டைப் பார்த்தான். சமையலறைப் பக்கம் காதைச் சாய்த்தான். திரும்பவும் தட்டைப் பார்த்தான்.

"குழாய் ஒழுகுது" என்றான்.

"கேக்குது."

"நீ எழுந்து போகலையா?"

"இல்லடா" என்றார் லிஃப்ட்காரர். "நான் சாப்பிட வந்தேன்."

தம்பி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வந்தது கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"எத்தனை வருஷம் வந்திருப்ப இந்த வீட்டுக்கு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவ போட்ட சாப்பாட்ட சாப்பிட்டிருக்கியா? தண்ணி குடுத்தாக்கூட இப்பத்தான் குடிச்சேன்ப. எதையாவது சரி பண்ணிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிடுவ. நான் உன் தம்பியா, உன் வாடிக்கையாளரா? அன்னிக்கு வந்து வீடு வீடாப் போய்க் கேட்டுச் சாப்பிடுவோம்னு சொன்ன பாரு, எனக்கு உயிரே போயிடுச்சு. ஊர் பேர் தெரியாதவன் வாசல்லல்லாம் நின்னு கை நீட்டுவ. என்கிட்ட மட்டும் வாங்க மாட்ட. அதான் இந்தப் பக்கமே வராதன்னு சொன்னேன்."

லிஃப்ட்காரர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாக அவர் தேடிய பழுது இதுதானா? எதைச் செய்யாமல் விட்டோம் என்றுதான் தேடிக்கொண்டிருந்தார். செய்ததிலேயே இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். அம்மா போனபோது ஒன்பது வயதில் எப்படிப் பார்த்தானோ அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று நினைத்தார். அதுவும் பழுதைச் சரி பண்ணிவிட்டு எழுந்து போகிற மாதிரிதான் ஆகும்.

மாஸ்டர் பிறகு அறிக்கையில் என்ன எழுதினார் என்று கேட்பீர்கள். வார்த்தைப்பாட்டுக்குத் தகுந்தவர் என்றுதான் எழுதினார். அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்த மேசையைப் பற்றி.

லிஃப்ட்காரர் காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தம்பிக்கு முன்னால் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சூப் குடுடா" என்றார்.

தம்பியின் மனைவி எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பியே எழுந்து சூப்புச் சட்டியை மேசைக்குத் தூக்கி வந்தான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றினான். கிண்ணம் நிறைந்து வழிந்தது. போதும்டா என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் லிஃப்ட்காரருக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அண்ணன் குடித்துவிட்டு நீட்ட நீட்ட, சட்டி காலியாகும் வரை தம்பி கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.